குதிரை பொறித்த பவுன்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் காசணிகளைச் சேகரித்தலும் பதிவுசெய்தலும்

மேனாட்டாரிடையே குதிரை சார்ந்த பழங்கலைப் பொருள்களைச் சேகரித்தல் நெடுங்கால வழக்கமாகும். 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய பந்தயக் குதிரை ஓவியங்கள், வெள்ளிக் கோப்பைகள், விக்டோரியா காலத்துக் கனவான்கள் கழுத்துப்பட்டையில் குத்திக்கொண்ட குதிரை இலாட வடிவப் பொன்னூசிகள் ஆகியவை இன்றும் ஏலக்கூடங்களில் பெருவிலை பெறுகின்றன. ஸ்டப்சின் 'விசில்ஜாக்கெட்' என்னும் குதிரை ஓவியத்தை இலண்டன் தேசிய ஓவியக்கூடம் 1997-இல் வாங்கியபோது கொடுத்த விலை ஒரு கோடிப் பவுண்டுக்கும் மேல். கோலாலம்பூரிலும் இப்பண்பாட்டின் கிளை ஒன்று தழைத்தது. 1896-இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் ஓடுதிடல் அம்பாங் சாலையில் இருந்தது. அந்நிலத்தில்தான் இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனால் அத்திடலோடு தொடர்புடைய கோப்பைகளும் ஓவியங்களும் தோட்டத் துரைமார் வீடுகளிலும் ஈயச் செல்வர் மாளிகைகளிலும் இருந்தவை. அவற்றுள் நம்மவர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தவை மிகச் சிலவே.

அங்ஙனமாயின் குதிரைக் கலைப்பொருள் சேகரிப்பு என்பது மலேசியத் தமிழர்க்குத் தொடர்பற்ற ஒன்றா? அன்று என்பதே நம் விடை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் குதிரைச் சிற்பம் ஒன்று இருந்திருக்கிறது. அது சுவரில் தொங்கவில்லை. பாட்டியின் கழுத்தில் தொங்கியது. ஆங்கிலப் பவுன் காசின் பின்புறத்தில் பொறிக்கப்பட்ட குதிரைவீரன் உருவமே அது. அதனைக் கலைப்பொருளாக எவரும் கருதாமையால் எடைபோட்டு உருக்கிக்கொண்டே வருகிறோம். அக்காசினை இனங்காணவும் படிக்கவும் பதிவுசெய்யவும் வேண்டிய அடிப்படைச் செய்திகளைத் தமிழாசிரியர்கள் முன் வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

காசும் சொல்லும்

'பவுன்', 'சவரன்' என்னும் இரு சொற்களையும் நாம் எடைப் பெயர்களாகவே வழங்குகிறோம். எட்டுக் கிராம் தங்கம் ஒரு பவுன் என்பது கடைத்தெரு வழக்கு. ஆனால் இரண்டும் ஆங்கில நாணயத்தின் பெயர்களிலிருந்து பிறந்தவை. முன்னது 'பவுண்டு' என்பதன் திரிபு. பின்னது 'சாவரின்' என்பதன் திரிபு. அந்நாணயத்தின் எடை 7.98 கிராம். அதனை முழு எண்ணாக்கியதே நம் எட்டுக் கிராம் பவுன். அதன் மாற்று 22 காரட். அதாவது ஆயிரத்தில் 916 பங்கு பொன். இன்று மலேசிய நகைகளில் முத்திரையிடப்படும் '916' என்னும் எண்ணும் இதே மாற்றைத்தான் குறிக்கிறது. காசு கைவிட்டுப் போன பின்னரும் அதன் எடையும் மாற்றும் மொழியிலும் கடையிலும் நிலைத்துவிட்டன எனலாம்.

இந்நாணயம் இன்றுள்ள வடிவில் 1817-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இத்தாலியச் செதுக்குக் கலைஞர் பெனெடெட்டோ பிஸ்துருச்சி அதற்கு உருவம் அமைத்தார். இங்கிலாந்தின் காவல் புனிதராகிய ஜார்ஜ், குதிரைமேல் அமர்ந்து, கீழே கிடக்கும் பறவைநாகத்தை வெட்டும் காட்சி அது. வீரன் தலையில் கவசமும் தோளிலிருந்து பறக்கும் மேலாடையும் அன்றி உடல் பெரும்பாலும் ஆடையற்றிருப்பது கிரேக்கச் சிற்ப மரபின் சாயல். முதற் காசுகளில் அவன் கையில் முறிந்த ஈட்டி இருந்தது. 1821 முதல் அது வாளாயிற்று. 1825-இல் குதிரைவீரன் நீக்கப்பட்டு அரசுக் கேடயம் இடம்பெற்றது. 1871-இல் குதிரைவீரன் மீண்டான். ஆகவே நம் மூதாட்டியரின் காசுகளுள் பெரும்பாலானவை 1871-க்குப் பிற்பட்டவையாகவே இருக்கக் காண்கிறோம். காசின் விட்டம் 22 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய வட்டத்தில் குதிரையின் கழுத்து நரம்பு தெரியுமாறு செதுக்கிய திறன் வியக்கத்தக்கது. நல்ல நிலையில் உள்ள ஒரு காசை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒருமுறை பார்த்தவர் அதன் பின்னர் அதனை வெறும் தங்கமாகக் காண்பது அரிது.

காசினைக் கழுத்தணியாக்கும் வழக்கம் ஆங்கிலேயரால் வந்ததன்று. தென்னிந்தியாவில் கண்டெடுக்கப்பட்ட உரோமப் பொற்காசுகளுள் துளையிடப்பட்டவையும் வளையம் பற்றவைக்கப்பட்டவையும் உண்டு. வெனிசு நகரத்துப் பொற்காசு தமிழகத்தின் தென்பகுதியில் 'சாணார் காசு' எனப் பெயர் பெற்றது. அதில் கொடிக்கம்பம் ஒன்றைப் பற்றியவாறு வெனிசுத் தலைவர் மண்டியிட்டிருப்பார். நம் மக்கள் அதனைப் பனையேறுபவர் உருவமாகக் கண்டனர். அயல்நாட்டுக் காசின் உருவத்தைத் தம் நிலத்து உருவமாகப் படித்துக்கொள்ளும் இம்மனப்பாங்கு ஆய்வுக்குரியது. குதிரையும் வாளும் உடைய காவல் வீரன் எனில் நம்மவர்க்கு ஐயனாரோ மதுரைவீரனோ நினைவிற்கு வருவது இயல்பு. தோட்டத்து எல்லையில் அத்தெய்வங்களை வழிபட்ட பெண்ணொருத்தி தன் காசின் பின்புறத்தை எவ்வாறு நோக்கியிருப்பாள் என எண்ணிப் பார்ப்பது இன்பம் பயப்பது. எனினும் அதனை ஆய்வு முடிபாக வைக்க நாம் துணியோம். மூத்தோரிடம் கேட்டறிய வேண்டிய வினாவாகவே வைக்கிறோம்.

மலாயாவுக்கு வந்த வழி

1899-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு பவுன் காசுக்குப் பதினைந்து ரூபாய் என மதிப்புக் கட்டி அதனைச் செல்லுபடியாகும் நாணயமாக்கியது. மலாயாவில் 1906-இல் நீரிணை வெள்ளியின் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். ஒரு பவுனுக்கு ஏறத்தாழ 8 வெள்ளி 57 காசு. 1920-களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற பகுதிகளில் தோட்டத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கணக்கிட்டால், உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் ஓர் ஆணுக்குப் பதினேழு நாள் உழைப்பு, ஒரு பெண்ணுக்கு இருபத்தொரு நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு ஒரு காசாகும். பால்மரம் வெட்டிய பெண் ஒருத்தியின் கழுத்தில் மூன்று காசு இருந்ததெனில், அம்மூன்றின் பின்னே எத்தனை விடியற்காலை என்பதை வகுப்பறையில் மாணவரையே கணக்கிடச் செய்யலாம்.

இக்காசுகள் எல்லார்க்கும் ஒரே வடிவில் அணியாகவில்லை. தமிழகத்திலிருந்து வந்தோரிடம் காசுமாலையும், தாலிக்கயிற்றில் குண்டு, மணி ஆகியவற்றோடு கோத்த தனிக்காசும் காணப்படும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரயில்வே எழுத்தர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் பிரிக்பீல்ட்சில் குடியேறியோரின் தாலிக்கொடியிலோ, தாலியின் இருபுறமும் பவுன் காசு கோக்கும் முறை உண்டு. அங்கே காசு மங்கல அணியின் உறுப்பாகவே ஆகிவிட்டது. ஆதலின் யாழ்ப்பாணத்தார் குடும்பங்களில் அக்காசுகள் ஓரளவு தப்பிப் பிழைத்திருக்கின்றன. தாலிக்கொடியை எளிதில் எவரும் விற்பதில்லை. காசுமாலைக்கு அந்தக் காவல் இல்லை. இருபத்துநான்கு காசு கோத்த மாலை 190 கிராமுக்கும் மேற்பட்ட பொன். இடர் வந்தால் முதலில் கழன்றது அதுவே. மலாய்ப் பெண்டிரும் பவுன் காசினைப் பொத்தானாகவும் மார்பு ஊசியாகவும் அணிந்தனர் என்பதையும் இவண் சுட்ட வேண்டும். ஒரே குதிரை மூவினத்தார் மார்பிலும் ஓடியிருக்கிறது.

காசினைப் படித்தல்

சேகரிப்பவர் முதலில் நோக்க வேண்டியது ஆண்டு. குதிரையின் கீழே, தரைக்கோட்டின் அடியில் அது இருக்கும். அடுத்தது முன்புறத் தலை. விக்டோரியா அரசியின் இளமைத் தலை 1887 வரையிலும், சிறு முடி சூடிய தலை 1893 வரையிலும், முக்காடிட்ட முதுமைத் தலை 1901 வரையிலும் வந்தன. 1902 முதல் 1910 வரை எட்வர்டு. 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ். 'ராணிக் காசு', 'ராஜா காசு' எனப் பாட்டிமார் பிரித்துச் சொல்வது இதனையே. ஒரு மாலையில் எத்தனை தலைகள் கலந்துள்ளன என்பது அது ஒரே நாளில் வாங்கப்பட்டதா, ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்க்கப்பட்டதா என்பதற்கு ஒரு குறிப்பு ஆகலாம்.

மூன்றாவது செய்தியே நமக்கு மிகச் சுவையானது. ஆண்டு எண்ணின் நடுவே, சற்று மேலே, தரைப்பகுதியில் ஒரு சிறிய ஆங்கில எழுத்து இருக்கக்கூடும். எழுத்தில்லையேல் காசு இலண்டனில் அச்சிடப்பட்டது. 'எஸ்' என்றால் சிட்னி, 'எம்' என்றால் மெல்பர்ன், 'பி' என்றால் பெர்த், 'சி' என்றால் கனடாவின் ஒட்டாவா, 'எஸ்ஏ' என்றால் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. 1887-க்கு முற்பட்ட சிட்னி, மெல்பர்ன் குதிரைக் காசுகளில் மட்டும் இவ்வெழுத்து அரசியின் கழுத்துக்குக் கீழே இருக்கும். 'ஐ' என்னும் எழுத்து இந்தியாவைக் குறிப்பது. முதல் உலகப் போரின்போது கப்பல்வழிப் பொன் அனுப்புதல் இடர்ப்பட்டமையால் பம்பாயில் அரச நாணயச் சாலையின் கிளை ஒன்று திறக்கப்பட்டது. அங்கே 1918 என்னும் ஒரே ஆண்டு பொறித்த பவுன்கள் ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் அச்சிடப்பட்டன; 1919-இல் கிளை மூடப்பட்டது. அதற்கு முன்னர் அச்சுக்கட்டைகள் வந்து சேரும்வரை, அதே எடையும் மாற்றும் உடைய பதினைந்து ரூபாய்ப் பொன் மொகரும் பம்பாயில் அச்சாயிற்று. இவை விலைமதிப்பில் பெரிய அருமைப்பாடு உடையன அல்ல. ஆனால் கிள்ளானில் ஒரு தமிழ் வீட்டில் 'ஐ' எழுத்துக் காசு கிடைக்குமாயின், அது இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நகையாகலாம் என்னும் ஐயத்தை எழுப்பும். 'எம்', 'பி' எழுத்துகள் வேறு வழிகளைச் சுட்டும். ஒரு காசால் எதனையும் நிறுவ முடியாது. நூறு காசுகளைப் பதிவு செய்தால் நிறுவ முடியலாம்.

போலிகளைப் பற்றியும் கூற வேண்டும். பொற்கொல்லர்கள் காசுமாலைக்கென்றே அரசர் தலையோ இலக்குமி உருவமோ அமைந்த மெல்லிய தகடுகளை அடித்துத் தந்தனர். அவை ஏமாற்று அல்ல. நகைத்தொழிலின் ஒரு வகை. அவற்றையும் தனியே சேகரிக்கலாம். உண்மையான போலிகள் வேறு. 1950-களிலும் 60-களிலும் பெய்ரூத்திலிருந்து பெருந்தொகையான போலிப் பவுன்கள் வெளிவந்தன; அவற்றுள் பல மாற்றுக் குறையாத பொன்னாலேயே ஆனவை. ஆதலின் உரைகல் மட்டும் போதாது. விட்டம், எடை, அடர்த்தி மூன்றையும் காண்க. 22 காரட் காசுப் பொன்னின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ பதினேழரை மடங்கு. நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் காசின் எடை ஏறத்தாழ 0.46 கிராம் குறைய வேண்டும். பள்ளி அறிவியற்கூடத்துத் துலாக்கோலே இதற்குப் போதும். புழக்கத்திலிருந்த காசுக்கு ஆங்கிலச் சட்டம் ஏற்ற மிகக் குறைந்த எடை 7.94 கிராம். கழுத்தில் ஐம்பதாண்டு தேய்ந்த காசு அதனினும் குறையலாம். பற்றவைத்த காதும் பொடியும் சேர்ந்து எடையைக் கூட்டவும் செய்யலாம். எனவே நகைக்காசின் எடை மட்டும் கொண்டு போலி எனத் தள்ளிவிடலாகாது.

இங்குதான் நாணயச் சேகரிப்பாளர் நோக்கும் நம் நோக்கும் பிரிகின்றன. நாணயச் சேகரிப்பாளர்க்குக் காது பற்றவைத்த காசு பழுதுபட்ட காசு. பொன்விலைக்கு மேல் அவர் கொடுக்கமாட்டார். பண்பாட்டு ஆய்வாளர்க்கோ அந்தக் காதே சான்று. அது குதிரைப் பக்கம் வெளித்தெரியுமாறு வைக்கப்பட்டதா, தலைப்பக்கமா? குதிரை நேராக நிற்குமாறு காது அமைந்ததா? எந்தப் பக்கம் மார்பில் உராய்ந்து தேய்ந்துள்ளது? இவ்வினாக்களுக்குக் காசே விடை கூறும். அக்காதினை அறுத்தெடுத்துக் காசினைத் 'தூய்மை' செய்தலும் மெருகிடுதலும் செய்யவே கூடாதவை. இன்று புதிதாகக் காசணி செய்வோர் பற்றவைக்காமல், விளிம்பைப் பிடிக்கும் சட்டத்துள் காசினைப் பொருத்துவது நலம்.

உருகியவை

இத்தகைய காசுகள் எங்கே போயின? 1930-களின் பொருளியல் நெருக்கடியில் கூலி குறைந்தது. பல்லாயிரவர் தாயகம் திருப்பியனுப்பப்பட்டனர். 1931-இல் இங்கிலாந்து பொன் திட்டத்தைக் கைவிட்டபின் பவுன் காசின் பொன்விலை அதன் முகமதிப்பைத் தாண்டியது. விற்கத் தூண்டுதலும் பெருகியது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசிக்கும் மரவள்ளிக்கும் நகை மாறியதை நம் மூத்த தலைமுறை நன்கறியும். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் மலாயா வந்தபின், இந்திய தேசிய இராணுவத்திற்காகத் தமிழ்ப் பெண்கள் தாம் அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். இவையெல்லாம் இடர்க்காலத்து இழப்புகள். அவற்றில் பெருமையும் உண்டு, துயரும் உண்டு. நம்மை வருத்துவது அவையல்ல. விடுதலைக்குப்பின், வறுமை நெருக்காத நிலையிலும், 'பழைய மாடல்' என்று கருதிக் காசுமாலையைக் கொடுத்துப் புதுச் சங்கிலி வாங்கிய இழப்பே பெரிது.

நாம் அறிந்த கிள்ளான் குடும்பம் ஒன்றில் பாட்டியிடம் ஒன்பது காசு கோத்த மாலை இருந்தது. அவர் மறைந்தபின் மூன்று மகளிர்க்கும் மும்மூன்றாகப் பிரிந்தது. மூத்தவர் பங்கு மகன் படிப்புக்கு அடகுக்குப் போய் மீளவில்லை. இரண்டாமவர் தம் பங்கை நகைக்கடையொன்றில் வளையலுக்கு மாற்றினார். கடையிலிருந்தவர் பற்றவைப்புக்கெனப் பொடிக்கழிவு பிடித்து, எடைபோட்டு, தட்டில் இட்டதோடு சரி. காசில் என்ன ஆண்டு என்று அவரும் பார்க்கவில்லை, கொடுத்தவரும் பார்க்கவில்லை. இளையவரிடம் இன்று ஒரு காசு உள்ளது. 1918; 'ஐ' எழுத்து. ஒன்பதும் பம்பாய்க் காசுகளா என அறிய இனி வழியில்லை. ஒளிப்பட நிலையத்தில் எடுத்த படம் ஒன்றில் பாட்டி அம்மாலையோடு அமர்ந்திருக்கிறார். காசுகளை எண்ண முடிகிறது, படிக்க முடியவில்லை. கடைக்காரரைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவர் பொன்னை வாங்குபவர். வரலாற்றை வாங்குமாறு அவரிடம் எவரும் கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நகைக்கடைகள் இன்று பெருகியே உள்ளன. ஆனால் கடையின் பின்கட்டில் அமர்ந்து, பழைய நகையைக் கையில் எடுத்தவுடன் இன்ன ஊர் வேலைப்பாடு என்று சொல்லவல்ல பத்தர்கள் அருகி வருகின்றனர். 2009-இல் முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய துறைகளுக்கு அயல்நாட்டுத் தொழிலாளரை எடுப்பது நிறுத்தப்பட்டபோது பொற்கொல்லர் பட்டறைகள் ஆளின்றித் தவித்தன. இயந்திர வார்ப்பு நகை அவ்விடத்தை நிரப்பிற்று. அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் சொற்களையேனும் திரட்டுதல் தமிழ்த்துறையினர் கடன். காது, பொடி, ஓரம் கட்டுதல் என அவர்கள் வழங்கும் தொழிற்சொற்கள் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை.

பதிவுசெய்தல்

சேகரித்தல் என்றவுடன் வாங்கிக் குவித்தல் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. பொன்விலை இன்று நிற்கும் நிலையில் ஆசிரியர் ஒருவர் காசுகளை விலைக்கு வாங்கிச் சேர்ப்பது இயலாதது. நாம் பரிந்துரைப்பது பதிவுச் சேகரிப்பு. நகை குடும்பத்திடமே இருக்கட்டும். செய்தி நம்மிடம் சேரட்டும். காசின் இருபுறமும், காது தெரியும் பக்கவாட்டும் என மூன்று ஒளிப்படங்கள், அருகில் அளவுகோல், எடை, ஆண்டு, எழுத்து. இவற்றோடு யார் அணிந்தது, எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தோட்டம் அல்லது எந்த அலுவலகம், எப்போது யார் வாங்கியது, அதனை வீட்டில் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பன. இறுதி வினாவை ஒருபோதும் விடலாகாது. பேச்சு வழக்கில் கூறியதை அவ்வாறே எழுதிக்கொள்க, செந்தமிழாக்க வேண்டா. குடும்பத்தின் பெயரும் முகவரியும் வெளியிடும் பகுதியில் இடம்பெறலாகாது. பொன் இருக்கும் வீட்டை ஊரறியச் செய்வது ஆய்வறம் அன்று.

திருமண ஒளிப்படங்களும் இதே பதிவில் அடங்கும். இந்திய இளைஞர் விளையாட்டுக் கழகங்களில் முன்னோர் பெற்ற வெள்ளிப் பதக்கங்களும் அவ்வாறே. 1914-இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் போன்ற அமைப்புகளின் ஆட்டக்காரர்கள் வென்ற பதக்கங்கள் சில கைக்கடிகாரச் சங்கிலியில் தொங்கும் அணியாகவும் பயன்பட்டிருக்கக்கூடும். அவற்றின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருப்பின் அவை காசினும் தெளிவாகப் பேசும் ஆவணங்கள். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

சட்ட நிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம், குறைந்தது ஐம்பதாண்டுப் பழமையுடைய அசையும் பொருளையும் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் கொணர்கிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தில் அவ்வரம்பு நூறாண்டு. அங்கிருந்து அத்தகைய பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. தமிழகத்து உறவினரிடமிருந்து பழங்காசு நகையைப் பெற்று வர விரும்புவோர் இதனை மறத்தலாகாது. 1918-ஆம் ஆண்டுக் காசு இப்போது அவ்வரம்பினைக் கடந்துவிட்டது.

பார்த்துப் பழக விரும்புவோர்க்குக் கோலாலம்பூரிலேயே இடங்கள் உள்ளன. பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தில் நாணயக் காட்சிக்கூடம் உண்டு. 2010-இல் திறக்கப்பட்ட தேசிய நெசவு அருங்காட்சியகத்தின் அணிகலன் பகுதியில் இந்நாட்டு இனத்தாரின் நகைகளைக் காணலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகம் 1974 முதல் இயங்குகிறது. மாணவரை அழைத்துச் செல்வதற்கு முன்னர் அவர்தம் வீட்டு மூதாட்டியரிடம் ஒருமுறை பேசிவரச் சொல்வது பயன்தரும். கண்ணாடிப் பேழைக்குள் காணும் காசு தம் வீட்டிலும் இருந்தது என்று அறிந்துவரும் மாணவர் கேட்கும் வினாக்கள் வேறாக இருக்கும்.

நகையை விற்க வேண்டாம் என்று எவர்க்கும் கூற நமக்கு உரிமை இல்லை. மருத்துவச் செலவும் கல்விக் கட்டணமும் காத்திரா. கடைக்குப் போகும் நாளுக்கு முந்திய மாலையில், மேசை விளக்கொளியில் காசினைச் சாய்த்துப் பிடித்து, குதிரையின் குளம்படியில் உள்ள எழுத்தினைப் படித்து, கைப்பேசியால் இருபுறமும் படமெடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும்.